மூன்று கல்யாணங்கள், ஒரு கயிறு: ‘ஃபிட்லர் ஆன் த ரூஃப்’ படம் எப்படி இயங்குகிறது

படம் தொடங்கிச் சில நிமிடங்களிலேயே பால்காரர் டெவ்யா நம்மைப் பார்த்துத் தன் ஊர் வழக்கங்களை அடுக்குகிறார். உண்பதற்கு, உறங்குவதற்கு, உடுப்பதற்கு, எல்லாவற்றுக்கும் ரஷ்யப் பேரரசின் யூதச் சிற்றூரான அனதெவ்காவில் ஒரு முறை உண்டு. எப்போதும் தலையை மூடியிருப்போம், மூலைகளில் நூல்முடிச்சு தொங்கும் சிறு பிரார்த்தனைத் துணியை உடம்பில் போட்டிருப்போம் என்கிறார். இந்த வழக்கம் எப்படி வந்தது என்று தானே கேட்டு, தெரியாது, ஆனால் இதுதான் வழக்கம் என்று தானே பதிலும் சொல்கிறார். பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள்.

அந்த நூல்முடிச்சுக்கு மூலம் உண்டு. யூத வேதமான தோராவின் நான்காம் நூலான எண்ணாகமத்தின் 15ஆம் அதிகாரத்தில் அது நேரடிக் கட்டளையாகவே இருக்கிறது. வாயைத் திறந்தால் வேதவசனம் சொல்லும் டெவ்யாவுக்குத் தன் உடம்பில் கிடப்பது கட்டளையா வழக்கமா என்று தெரியவில்லை. மூன்று மணி நேரப் படத்துக்கும் சாவி இதுதான். யூத வாழ்வில் ‘ஹலாகா’ என்பது சட்டம், ‘மின்ஹாக்’ என்பது வழக்கம். இரண்டுமே கட்டுப்படுத்தும். ஆனால் வழக்கத்துக்கு வளைய இடமுண்டு, சட்டத்துக்கு அவ்வளவு கிடையாது. அன்றாட வாழ்க்கையில் இரண்டும் ஒரே துணியாக நெய்யப்பட்டிருப்பதால் எந்த இழை எது என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. டெவ்யாவின் மூத்த மகள்கள் மூவரும் ஆளுக்கொரு இழையைப் பிடித்து இழுக்கிறார்கள். இழுத்த பிறகுதான் எது வளையும், எது அறும் என்று அவருக்கே தெரிகிறது.

காதலுக்கும் சம்பிரதாயத்துக்கும் நடக்கும் சண்டை என்று மட்டும் இந்தப் படத்தைப் பார்த்தால், முதல் இரண்டு மகள்களுக்கு இளகிய அப்பா மூன்றாவது மகளிடம் மட்டும் ஏன் கல்லாகிறார் என்பது புரியாது. நல்லவர் ஏன் திடீரென்று கெட்டவரானார் என்ற குழப்பத்தோடு எழுந்து வரவேண்டியிருக்கும். அவர் மாறவே இல்லை. அவர்முன் வைக்கப்பட்ட கேள்விதான் மாறியது.

கதையின் பிறப்பு

மூலக்கதைகளை எழுதியவர் ஷோலம் அலெய்கெம். 1859இல் இன்றைய உக்ரைனில் உள்ள பெரெயாஸ்லாவில் பிறந்து 1916இல் நியூயார்க்கில் இறந்தவர், கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான இத்திஷில் எழுதியவர். டெவ்யா கதைகளை 1894 தொடங்கி ஏறக்குறைய இருபது ஆண்டுகள் விட்டுவிட்டு எழுதினார். எழுத்தாளருக்கு வயது ஏற ஏற டெவ்யாவுக்கும் ஏறியது. கதைகளில் வரும் டெவ்யா யூதர்கள் கூடி வாழும் சிற்றூரில் இருப்பவரல்ல. உக்ரைனியக் குடியானவர்களுக்கு நடுவே, கிராமத்தில் தனித்து வாழும் யூதர். தன் துயரங்களை ஷோலம் அலெய்கெம் என்ற எழுத்தாளரிடமே நேரில் சொல்லிக்கொண்டிருப்பவர்.

அந்தத் தனி மனிதரை ஊருக்குள் குடியேற்றியது நியூயார்க்கின் நாடக உலகமான பிராட்வே. ஜெர்ரி பாக் இசை, ஷெல்டன் ஹார்னிக் பாடல்கள், ஜோசப் ஸ்டைன் வசனம், ஜெரோம் ராபின்ஸ் இயக்கமும் நடன அமைப்பும். படத்துக்கு அடிப்படையான இந்தக் குழுவின் இசை நாடகம் 1964 செப்டம்பர் 22 அன்று நியூயார்க்கின் இம்பீரியல் அரங்கில் தொடங்கி 1972 வரை 3,242 முறை நடந்தது. 3,000 காட்சிகளைத் தாண்டிய முதல் பிராட்வே இசை நாடகம் இதுதான். ஒத்திகைக்கு முந்தைய கூட்டங்களில் இது எதைப் பற்றிய நாடகம் என்று ராபின்ஸ் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு பால்காரரும் அவர் மகள்களும் என்ற பதில் அவருக்குப் போதவில்லை. ஒரு வாழ்க்கைமுறை கரைந்துபோவதைப் பற்றியது என்ற பதில் வந்ததும், அப்படியானால் அந்த வாழ்க்கைமுறையை முதலில் மேடையில் நிறுத்திக் காட்டுங்கள் என்றார். ‘டிரெடிஷன்’ என்ற தொடக்கப் பாடல் அப்படிப் பிறந்தது. தந்தையர், தாயர், மகன்கள், மகள்கள் எனக் குழுகுழுவாக வந்து தங்கள் கடமையைப் பாடுவார்கள். கரையப்போவது என்ன என்று முன்கூட்டியே தெரிந்துவிடுவதால், பிறகு ஒவ்வொரு மீறலும் நமக்கு உறைக்கிறது. தனியாக வாழும் டெவ்யாவை வைத்து இதைச் செய்திருக்க முடியாது. வழக்கத்துக்கு ஒரு கூட்டுக்குரல் வேண்டும், கூட்டுக்குரலுக்கு ஓர் ஊர் வேண்டும்.

மூலத்தில் இருந்த இருட்டைப் பெருமளவு வெளியே விட்டுவிட்டார்கள். கதைகளில் ஷ்ப்ரின்ட்சே என்ற மகள் நீரில் மூழ்கி உயிரை விடுகிறாள். ஊரைவிட்டு விரட்டப்படும் முன்பே மனைவி கோல்டாவும் மருமகன் மோட்டலும் இறந்துவிடுகிறார்கள். நாடகம் வந்த 1964லேயே விமர்சகர் இர்விங் ஹவ் இந்த மென்மையாக்கலைக் கடுமையாகச் சாடினார். அந்தக் குறை நியாயமானது. ஆனால் மூன்று திருமணங்களையும் ஒரே படிக்கட்டாக அடுக்கியது நாடகக்காரர்களின் சாதனை. கதைகள் ஆண்டுக்கணக்கில் இடைவெளி விட்டு வெளிவந்தவை. அவற்றில் இந்தப் படிக்கட்டு இவ்வளவு துலக்கமாகத் தெரியாது.

முதல் படி: அனுமதி கேட்கிறார்கள்

மூத்தவள் ஸைட்டல். தரகர் யென்டா கசாப்புக்கடைக்காரர் லாசர் வுல்ஃபின் வரனைக் கொண்டுவருகிறார். அவர் மனைவியை இழந்தவர், பணக்காரர், அப்பாவின் வயதுக்காரர். டெவ்யா வாக்குக் கொடுத்துவிடுகிறார். ஸைட்டலும் ஏழைத் தையற்காரன் மோட்டலும் ஓராண்டுக்கு முன்பே தங்களுக்குள் வாக்குக் கொடுத்துக்கொண்டவர்கள்.

இங்கே ஒரு தவறான புரிதலை நீக்கவேண்டும். யென்டா என்பது தரகருக்கான சொல் என்று உலகெங்கும் பலர் நினைப்பதற்கு இந்த நாடகமே காரணம். அது வெறும் பெண் பெயர். கல்யாணத் தரகருக்கு இத்திஷில் ‘ஷாட்கன்’ என்று பெயர். தரகர் பார்த்து முடிப்பது பழக்கமே தவிர சட்டம் அல்ல. யூதச் சட்ட விவாதத் தொகுப்பான தால்முத்தின் கிட்டுஷின் பகுதியில், மகள் வளர்ந்து இன்னாரை எனக்குப் பிடித்திருக்கிறது என்று தன் வாயால் சொல்லும்வரை தந்தை அவளுக்கு மணம் முடித்துவைக்கக் கூடாது என்றே ஒரு கருத்து இருக்கிறது. ஆக ஸைட்டல் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. மேலும் அவளும் மோட்டலும் வந்து கேட்பது அனுமதி. தந்தையின் இடம் அப்படியே இருக்கிறது. டெவ்யா ஒருபக்கம், மறுபக்கம் என்று தால்முத் மாணவனைப்போல் வாதாடிப் பார்க்கிறார், மகளின் கண்களைப் பார்க்கிறார், வளைகிறார்.

கோல்டாவைச் சம்மதிக்கவைக்க அவர் புனையும் கனவு படத்தின் மிகக் கூர்மையான இடம். கோல்டாவின் இறந்துபோன பாட்டி கனவில் வந்து, என் பெயர் தாங்கியவளுக்கு மோட்டல்தான் மாப்பிள்ளை என்கிறாள். பின்னாலேயே லாசர் வுல்ஃபின் இறந்த மனைவி ஃப்ரூமா சாரா ஆவேசத்தோடு வந்து, என் இடத்துக்கு உன் மகள் வந்தால் மூன்றே வாரத்தில் கழுத்தை நெரிப்பேன் என்று மிரட்டுகிறாள். கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் குழந்தைக்கு இறந்துபோன உறவினரின் பெயரை வைப்பார்கள். அந்த வழக்கம் தெரிந்தால்தான் பாட்டியின் சொல்லுக்கு ஏன் அத்தனை கனம் என்பது விளங்கும். ஒரு வழக்கத்தை உடைக்க அதைவிட மூத்த இன்னொரு வழக்கத்தை டெவ்யா சாட்சிக்கு அழைக்கிறார். இதை வெறும் பேய்க்கூத்தாக நடத்தும் குழுக்கள் உண்டு. அப்போது சிரிப்பு மிஞ்சும், தந்திரம் தொலைந்துபோகும்.

கல்யாணமும் கயிறும்

ஸைட்டலின் திருமணச் சடங்குகளைப் படம் நிதானமாகக் காட்டுகிறது. மெழுகுவத்தி ஏந்திய ஊர்வலம், நான்கு கம்புகளில் விரித்த ‘ஹூப்பா’ விதானம், முக்காடிட்ட மணப்பெண் மாப்பிள்ளையைச் சுற்றிவருவது, திராட்சை ரசம், மோதிரம், கடைசியில் மாப்பிள்ளை காலடியில் கண்ணாடிக் குவளையை உடைப்பது. எருசலேம் ஆலயம் அழிந்த துக்கத்தை மகிழ்ச்சியின் உச்சியிலும் மறக்கக் கூடாது என்பது அந்த உடைப்புக்குச் சொல்லப்படும் பொருள்.

பிறகு வரும் புட்டி நடனம் பழைய நாட்டார் கலை அல்ல. நியூயார்க் பகுதியின் வைதிக யூதத் திருமணங்களுக்கு ராபின்ஸ் ஆராய்ச்சிக்காகவே போய்வந்தார். அங்கே ஒருவர் தலையில் புட்டியை வைத்து வேடிக்கை காட்டியதைப் பார்த்து இதை உருவாக்கினார். தட்டையான கறுப்புத் தொப்பியின் மேல் புட்டி சும்மாதான் நிற்கிறது, பசையோ காந்தமோ கிடையாது. ஏற்ற இறக்கம் முழுவதையும் முழங்காலும் தொடையும் வாங்கிக்கொள்ள, தலை ஒரே மட்டத்தில் நகரவேண்டும். அதனால்தான் ஆட்டக்காரர்கள் மண்டியிட்டுச் சறுக்கி முன்னேறுகிறார்கள். புட்டியை ஒட்டவைத்து ஆடினால் உடம்பு தளர்ந்துவிடும். விழுந்துவிடுமோ என்ற பதற்றம் பார்ப்பவருக்கும் போய்விடும். அந்தப் பதற்றம் கதைக்குத் தேவை. கூரைமேல் கழுத்தை முறித்துக்கொள்ளாமல் வயலின் வாசிக்கும் மனிதரைப் பற்றி டெவ்யா தொடக்கத்தில் சொன்னதன் உடல் வடிவம் அது.

ஆண்கள் ஒருபுறம், பெண்கள் ஒருபுறம், நடுவே ஒரு கயிறு. புரட்சிக்கார மாணவன் பெர்ச்சிக் தடுப்பைத் தாண்டிவந்து டெவ்யாவின் இரண்டாவது மகள் ஹோடலை ஆட அழைக்கிறான். பாவமா என்று மதகுருவான ரபியைக் கேட்கிறார்கள். திட்டவட்டமாக விலக்கப்பட்டது என்று சொல்ல முடியாமல் அவர் தயங்குகிறார். நடைமுறையில் 1905இன் வைதிக ரபி இவ்வளவு தயங்கியிருக்கமாட்டார், ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடுவதற்குத் தடை உண்டு என்றே சொல்லியிருப்பார். கதையின் வசதிக்காகப் படம் வளைந்த இடம் இது. ஆனால் அதன் உள்நோக்கம் சரியானது. எது சட்டம், எது பழக்கம் என்ற கேள்வி முதல்முறையாக ஊருக்கு நடுவே பகிரங்கமாகக் கேட்கப்படுகிறது. கயிறு விழுகிறது. டெவ்யாவும் கோல்டாவும் ஆடுகிறார்கள். அந்த ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே குதிரைகளில் கலவரக்காரர்கள் வந்து தலையணைகளைக் கிழிக்கிறார்கள், பரிசுப்பொருள்களை நொறுக்குகிறார்கள். உள்ளிருந்து ஒரு தடுப்பு விழுந்த அதே இரவில் வெளியிலிருந்து சுவரே இடிகிறது.

வெளியே நடந்தது

கதை நடப்பது 1905இல். ரஷ்யப் பேரரசின் யூதர்களில் மிகப் பெரும்பாலானோர் ‘குடியிருப்பு எல்லை’ என்று வரையறுக்கப்பட்ட மேற்குப் பகுதிக்குள்தான் வாழலாம். 1791இல் பேரரசி இரண்டாம் கத்தரீன் காலத்தில் தொடங்கி 1917 வரை நீடித்த ஏற்பாடு அது. 1881இல் இரண்டாம் அலெக்சாந்தர் கொல்லப்பட்ட பிறகு யூதர்மீது கலவர அலை எழுந்தது. 1882இன் மே சட்டங்கள் எல்லைக்குள்ளேயும் கிராமங்களில் யூதர்கள் புதிதாகக் குடியேறுவதைத் தடுத்தன. 1903இல் கிஷினேவ் கலவரத்தில் 49 யூதர்கள் கொல்லப்பட்டார்கள். 1905 அக்டோபரில் இன்னும் பரவலான கலவரங்கள் வெடித்தன. 1881க்கும் 1914க்கும் இடையே கிழக்கு ஐரோப்பாவிலிருந்து ஏறக்குறைய 20 லட்சம் யூதர்கள் வெளியேறினார்கள்.

மேடையில் கான்ஸ்டபிள் மேலிடத்து உத்தரவு என்று சொல்வதோடு சரி. அந்த உத்தரவைப் பிறப்பிக்கும் அதிகாரியைத் திரைப்படம் நேரில் காட்டுகிறது. டெவ்யாவோடு நட்பாகப் பழகும், அவர் மகள் கல்யாணத்துக்கு வாழ்த்துச் சொல்லும் அந்தக் கான்ஸ்டபிள், உத்தரவு என்றதும் அதே கல்யாணத்தை நொறுக்க ஆள்களைக் கூட்டிவருகிறார். படத்தில் சேர்த்தவற்றிலேயே மிகப் பயனுள்ள சேர்க்கை இது என்பேன்.

இரண்டாம் படி, மூன்றாம் படி

ஹோடலும் பெர்ச்சிக்கும் அனுமதி கேட்கவில்லை. ஆசிதான் கேட்கிறார்கள். சொல் ஒன்றுதான் மாறியிருக்கிறது, ஆனால் தந்தையின் அதிகாரம் போய் அன்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது. டெவ்யா கொதிக்கிறார், வாதாடுகிறார், ஆதாமுக்கும் ஏவாளுக்கும் தரகராக இருந்த கடவுளே இவர்களுக்கும் தரகர் என்று முடித்து இரண்டையும் தந்துவிடுகிறார். அடுத்த காட்சியில் கோல்டாவிடம் போய், நீ என்னை நேசிக்கிறாயா என்று கேட்கிறார். 25 ஆண்டுகளாகத் துணி துவைத்தேன், சமைத்தேன், பிள்ளை பெற்றேன், மாடு கறந்தேன், இப்போது என்ன கேள்வி என்கிறாள் அவள். இந்தப் பாட்டு எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கவனிக்கவேண்டும். மகள்கள் கொண்டுவந்த புதுச் சொல் திரும்பிவந்து பெற்றோரின் படுக்கையறைக்குள் நுழைந்துவிட்டது.

மேடையில் பெர்ச்சிக்குக்கு ஒரு காதல் பாட்டு உண்டு. படத்துக்காக அதை நீக்கிப் புதிதாக ஒன்றை எழுதிப் பதிவும் செய்தார்கள், அதுவும் வெட்டப்பட்டது. அதனால் படத்தின் பெர்ச்சிக்குக்குத் தனிப்பாடல் இல்லை. அவன் சற்று வறண்டவனாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான். லாபமும் இருக்கிறது. சைபீரியாவுக்கு நாடுகடத்தப்பட்டவனைத் தேடி ஹோடல் கிளம்பும்போது ஆளில்லாத ரயில் நிறுத்தத்தில் அப்பாவிடம் பாடும் விடைபெறல், முழுக் கனத்தையும் தானே தாங்குகிறது. விதானத்தின் கீழ்தான் மணம் செய்துகொள்வோம் என்று அவள் வாக்குக் கொடுப்பதைத் தவறவிடக் கூடாது. புரட்சிக்காரனோடு போகிறவளும் சட்டத்துக்குள்தான் போகிறாள்.

மூன்றாவது மகள் ஹாவா அப்படிப் போக முடியாது. அவள் நேசிக்கும் ஃபியெட்கா கிறிஸ்தவன். ஜார் ஆட்சியில் பதிவுத் திருமணம் கிடையாது. ரஷ்ய வைதிகத் திருச்சபையைச் சேர்ந்தவர், கிறிஸ்தவர் அல்லாதவரை மணக்கவும் முடியாது. எனவே ஹாவாவின் திருமணத்துக்கு ஞானஸ்நானம் முன்நிபந்தனை. படம் இதை வாய்விட்டு விளக்குவதில்லை. கோல்டா பதறிப்போய் தேவாலயத்தில் பாதிரியாரிடம் மகளைத் தேடுவதைக் காட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறது. இந்த ஒரு தகவல் தெரியாமல் பார்ப்பவருக்கு டெவ்யா வெறும் பிடிவாதக்காரராகத் தெரிவார். முதலாம் நிக்கொலாய் காலத்தில், 1827 முதல், யூதச் சிறுவர்களைக் கட்டாயமாகப் படைப்பள்ளிகளில் சேர்த்து மதம் மாற நெருக்கினார்கள். அந்த நினைவு டெவ்யாவின் தலைமுறைக்கு அப்பா அம்மா சொல்லிக் கேட்ட நினைவு. ஒருபக்கம் கலவரம், மறுபக்கம் ஞானஸ்நானம் என்று நெருக்கப்பட்ட சமூகத்தில், மதம் மாறிய பிள்ளைக்காக இறந்தவருக்குச் செய்வதுபோல் துக்கம் காத்த குடும்பங்கள் உண்டு.

ஹாவா கேட்பது அனுமதியுமல்ல, ஆசியுமல்ல. எங்களை ஏற்றுக்கொள்ளுங்கள் என்கிறாள். டெவ்யா மறுபடியும் தன் தராசை எடுக்கிறார். ஒருபக்கம், மறுபக்கம். இவ்வளவு தூரம் வளைந்தால் நான் ஒடிந்துபோவேன், இதற்கு மறுபக்கமே கிடையாது என்று கத்துகிறார். வேற்று இனத்தாரோடு மணம் கூடாது என்ற உபாகமம் 7ஆம் அதிகாரத்தின் தடை அவர்முன் நிற்கிறது. வழக்கத்தின் இழைகள் தீர்ந்து, சட்டத்தின் இழையில் கை பட்டுவிட்டது.

திரையின் வேலை

இயக்குநர் நார்மன் ஜூவிசன் கனடாக்காரர். குடும்பப் பெயரில் ஜூ என்று இருந்தாலும் யூதர் அல்லர். 1971 நவம்பரில் வெளிவந்த படத்தின் வெளிப்புறக் காட்சிகளை அன்றைய யூகோஸ்லாவியாவில், இன்றைய குரோவேஷியாவின் லெக்கெனிக், மாலா கோரிக்கா முதலிய கிராமங்களில் எடுத்தார். உட்புறக் காட்சிகள் இங்கிலாந்தின் பைன்வுட் ஸ்டூடியோவில். ஒளிப்பதிவாளர் ஆஸ்வால்ட் மோரிஸ் லென்சுக்கு முன்னால் பழுப்பு நிற நைலான் காலுறையை இழுத்துக் கட்டிப் படம்பிடித்தார். மண்ணின் நிறம் படம் முழுக்கப் படர்ந்திருப்பதன் காரணம் அதுதான். ஒளிப்பதிவு, ஒலி, இசைத்தழுவல் என மூன்று ஆஸ்கர்கள் கிடைத்தன. இசைத்தழுவலுக்காக ஜான் வில்லியம்ஸ் பெற்றது அவருடைய முதல் ஆஸ்கர். கூரைமேல் நிற்பவர் டூட்டே லெம்கோவ், நாம் கேட்கும் வயலின் ஐசக் ஸ்டெர்னுடையது. தலைப்பின் படிமம் ஓவியர் மார்க் ஷகாலின் வயலின்காரர்களிடமிருந்து வந்தது.

பிராட்வேயில் டெவ்யாவாகப் புகழ்பெற்ற ஜீரோ மோஸ்டெலை விட்டுவிட்டு, லண்டன் மேடையில் 1967இல் நடித்த இஸ்ரேல் நடிகர் டோபோலைத் தேர்ந்தெடுத்தது அப்போது பெரிய சர்ச்சை. மோஸ்டெல் அரங்கத்தின் கடைசி வரிசைவரை நிறைக்கும் நகைச்சுவைக்காரர். அருகில் வந்து பார்க்கும் கேமராவுக்கு வேறு அளவு வேண்டும். அப்போது டோபோலுக்கு 35 வயதுதான், ஒப்பனையில் முதுமை ஏற்றினார்கள். டெவ்யா தனக்குள் வாதாடும் காட்சிகளில் ஜூவிசன் செய்திருப்பதைப் பாருங்கள். பக்கத்தில் நின்ற ஜோடி சட்டென்று வெகுதொலைவில் சிறு உருவங்களாகத் தெரிகிறது. மேடையில் விளக்கை மாற்றிக் காட்டும் தனிமொழியைத் திரை தூரமாக மாற்றிவிட்டது.

இசையில் ஒரு சொல். இத்திஷ் இசையில் ‘ஃப்ரைகிஷ்’ என்றும், தொழுகை மரபில் ‘அஹாவா ரபா’ என்றும் ஒரு சுரவரிசை உண்டு. கர்நாடக இசை கேட்பவர்களுக்கு எளிதாகச் சொன்னால் அது வகுளாபரணத்தின் சுரங்கள்: சுத்த ரிஷபம், அந்தர காந்தாரம், சுத்த மத்தியமம், சுத்த தைவதம், கைசிகி நிஷாதம். கமகம் வேறு, போக்கு வேறு, ஆனால் ரிஷபத்திலிருந்து காந்தாரத்துக்கு எட்டிவைக்கும் அந்தப் பெரிய தாண்டலின் ஏக்கம் ஒன்றே. பாக்கின் மெட்டுகள் பிராட்வேக்கே உரிய மேஜர் ஸ்கேலில் நடந்துபோய், இடையிடையே இந்தச் சாயலைத் தொட்டுத் திரும்புகின்றன. பணக்காரனாக இருந்தால் என்று டெவ்யா பாடும் பாட்டின் கரு, ஷோலம் அலெய்கெம் ராத்ஸ்சைல்ட் செல்வந்தரைப் பற்றி எழுதிய இன்னொரு தனிமொழி. இடையே வரும் பொருளற்ற அசைகள் யூத பக்தி இயக்கத்தவரான ஹசிதியரின் சொல்லற்ற பாடலான ‘நிகுன்’ மரபைச் சேர்ந்தவை. அவற்றைக் கோமாளித்தனமாக உச்சரித்தால் பாட்டு கெடும். சொல் தீர்ந்த இடத்தில் கடவுளோடு பேசும் ஒலி அது.

1967இல் டோக்கியோ மேடையேற்றத்தின்போது, இந்த நாடகம் அமெரிக்காவில் புரிகிறதா, இது முழுக்க ஜப்பானியக் கதையாயிற்றே என்று அங்கிருந்த தயாரிப்பாளர் ஜோசப் ஸ்டைனைக் கேட்டார். தரகர் வைத்துக் கல்யாணம் பேசும் எந்த ஊரிலும் இதே கேள்வி எழும்.

மூன்று நாளில் ஊரைக் காலிசெய்ய உத்தரவு வந்தபின், ரபி தோராச் சுருளை எடுத்துக்கொள்ள, தொழுகைக்கூடத்தின் பேழை வெறுமையாகிறது. தொடக்கப் பாடலில் தாளத்துக்கு ஏற்ப வெட்டிவெட்டிக் காட்டிய பொருள்கள்தாம் இப்போது மூட்டையாகின்றன. லாசர் வுல்ஃப் சிகாகோவுக்கு, யென்டா புனித நாட்டுக்கு, ஹாவாவும் ஃபியெட்காவும் கிராக்கோவுக்கு. கிராக்கோ அன்று ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் இருந்தது, ஜாரின் கை எட்டாத ஊர். விடைபெற வந்த ஹாவாவை டெவ்யா ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வண்டியில் சாமானைக் கட்டியபடி, கடவுள் உன்னோடு இருக்கட்டும் என்று முணுமுணுக்கிறார். அதை ஸைட்டல்தான் உரக்கத் திருப்பிச் சொல்லி ஹாவாவின் காதுக்குக் கொண்டுசேர்க்கிறாள். போகிற மகளைப் பார்த்து, அமெரிக்காவில் ஆப்ராம் மாமா வீட்டில்தான் இருப்போம் என்று கோல்டா கத்துகிறாள். ஊருக்கெல்லாம் நம் சங்கதி தெரியவேண்டுமா என்று டெவ்யா அவளை அதட்டுகிறார். ஆனால் அதட்டும்போது ஆப்ராம் மாமா வீடு என்ற அந்த முகவரியை அவரும் உரக்கச் சொல்லிவிடுகிறார்.